ஐந்து மூலைகள் அகற்றப்பட்டது குறித்து

குற்றச்சாட்டு: நடப்புக் கல்வியாண்டு நவம்பர் மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, பள்ளி விடுமுறை நாளில், ஒன்றாம் வகுப்பு ஆசிரியை அலுவல் நிமித்தம் வேறிடம் அனுப்பப்பட்டிருந்த நேரத்தில், எழுத்துமூலமான ஆணை எதுவும் இன்றி, அவ்வகுப்பறையின் ஐந்து கற்றல் மூலைகளும் கலைக்கப்பட்டன. புத்தகங்கள் நாற்பத்திரண்டு, மணல் தட்டுகள் ஐந்து, மரக்கட்டைகள் நூற்றுப் பதினெட்டு, பொத்தான் டப்பாக்கள் ஆறு, பாய்கள் மூன்று ஆகியவை சாக்குகளில் கட்டப்பட்டுப் பாடநூல் கிடங்கில் போடப்பட்டன. டிசம்பர் மூன்றாம் தேதி முதல் ஆசிரியையும் அதே கிடங்குக்கு மாற்றப்படுவார் என்று வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது.

இப்படித் தொடங்கும் மனுவை அந்த ஆசிரியை நான்கு முறை எழுதினார். முதல் மூன்று பிரதிகளிலும் கோபம் எட்டிப் பார்த்தது. கோபம் தெரிகிற தாளை அதிகாரிகள் இரண்டாம் வரியிலேயே மூடிவிடுவார்கள் என்பது அவருடைய இருபத்தாறு வருட அனுபவம். நான்காவது பிரதியில் கோபத்தை எடுத்துவிட்டுத் தேதிகளை மட்டும் விட்டுவைத்தார். எழுதி முடித்தபோது விரல்கள் மரத்துப் போயிருந்தன. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பு இருந்தபடியே திரும்ப வேண்டும். அதைக் கேட்பதற்குக்கூட உடம்பில் தெம்பைத் தேட வேண்டியிருந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. முதல் பதினெட்டு வருடம் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பாடம் எடுத்தார். சொன்னால் எழுதும் பிள்ளைகள், அதட்டினால் அடங்கும் பிள்ளைகள். எட்டு வருடங்களுக்கு முன், ஒன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லை என்று அவரைக் கீழே இறக்கினார்கள். எந்தப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பு யார் தலையிலாவது கட்டப்படும் வகுப்புதான். ஒரு குழந்தை கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கும் அளவுக்குக் கற்றுவிட்டு வந்திருக்கும். அதன் பக்கத்தில் இருப்பதற்குப் பென்சிலின் எந்த முனை எழுதும் என்றே தெரியாது. ஒன்று அழுதால் துணைக்கு நான்கு அழும். காலையில் தொடங்கும் கத்தல் மாலையில்தான் ஓயும். கத்தியவர் பெரும்பாலும் ஆசிரியை.

ஐந்தாவது வருடம் தொண்டை கைவிட்டது. குரல்வளையில் சிறு முடிச்சு என்றார் மருத்துவர்.

"ஒரு மாசம் வாயே திறக்காதீங்க."

"ஒண்ணாங்கிளாஸ் எடுக்கிறேன் டாக்டர்."

"அப்ப மெதுவாவது பேசுங்க."

"மெதுவாப் பேசினா என் கிளாஸ்ல எனக்கே கேக்காது."

அந்த மருத்துவச் சீட்டு அவர் வைத்திருக்கும் நீலக் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. குரல் இல்லாமல் முப்பத்தொரு பேருக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்ற கவலையோடு சாக்பீஸ் எடுக்கக் கிடங்குக்குப் போனவர், கட்டுப் பிரிக்காத ஆசிரியர் கைப்புத்தகங்களைக் கண்டார். என்றைக்கோ வந்து இறங்கியவை. பல கரையானுக்குப் போய்விட்டன. தேறிய ஒன்றிலும் பதினொன்று முதல் பதினெட்டு வரை பக்கங்கள் இல்லை. மிச்சப் பக்கங்கள் சொன்னது இதுதான்: வகுப்பறையை மூலைகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு மூலையிலும் குழந்தை பெரியவர் துணையில்லாமல் தானே செய்து பழகக்கூடிய வேலையை வையுங்கள், குழந்தைகள் சிறு குழுக்களாக முறை மாற்றிச் செல்லட்டும், நீங்கள் ஒரு மேசையில் ஐந்து பேரோடு உட்கார்ந்து, அந்த ஐந்து பேருக்கு மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

ஐந்து பேருக்கு என்றால் முணுமுணுத்தாலே போதும். அவருக்கு அது மருந்துச் சீட்டு போலத் தெரிந்தது.

எப்படித் தொடங்குவது என்பது கரையான் தின்ற பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். அவர் ஐந்து மூலைகளையும் ஒரே நாளில் திறந்துவிட்டார். அன்றைய குறிப்பேடு இப்படிச் சொல்கிறது: "பசை, இருவர் தலைமுடியில். மணல், எல்லா இடத்திலும். அழுதவர்கள் ஒன்பது, என்னையும் சேர்த்துப் பத்து." மறுநாள் எல்லாவற்றையும் மூடினார். பிறகு வாரம் ஒரு மூலை என்று திறந்தார். கட்டையை எப்படி எடுப்பது, எப்படி ஓசையில்லாமல் கீழே வைப்பது, பாயை எந்தப் பக்கமிருந்து சுருட்டுவது, பசை டப்பாவின் மூடியைத் திருகியபின் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது என ஒவ்வொன்றையும் ஒரு பாடமாக நடத்தினார். ஆறு வாரம் எழுத்தே சொல்லித்தரவில்லை. ஏழாவது வாரத்தில் அறை தானாக ஓடத் தொடங்கியது.

படிக்கும் மூலை, எண்ணும் மூலை, மணலில் எழுதும் மூலை, பழைய கைபேசியில் கதை கேட்கும் மூலை, கட்டைகளால் கட்டும் மூலை. ஒவ்வொரு மூலையிலும் ஓர் அட்டை. அட்டையில் ஐந்து கோடு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துணிக் கிளிப். தன் கிளிப்பை அட்டையில் மாட்டினால் அந்த மூலை அவனுக்கு. ஐந்து கிளிப் ஆகிவிட்டால் இடமில்லை, வேறு மூலை பார்க்க வேண்டும். சண்டை போட்டுப் பயனில்லை. ஐந்து மூலைக்கு இருபத்தைந்து பேர், ஆசிரியையின் மேசைக்கு ஐந்து பேர், மிச்சம் இருக்கும் ஒருவர் அன்றைய மணிக்காரர். கடிகாரத்தைச் சுற்றிப் பதினைந்து கோடு போட்ட காகித வளையம் உண்டு. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் மணிக்காரர் மணியடிப்பார். எல்லோரும் இடம் மாறுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. ஆசிரியை தோளில் பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தால் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். கூப்பிடுவதற்கு மூன்றே காரணங்கள்: ரத்தம், வாந்தி, நெருப்பு. குழந்தைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்று வருடத்தில் ரத்தம் நான்கு தடவை, வாந்தி பதினொரு தடவை. நெருப்பு இதுவரை இல்லை. எல்லாம் வகுப்புக் குறிப்புகளுக்கான பழுப்புக் கோப்பில் தேதியோடு இருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதற்கெல்லாம் கிடைத்த பட்டம் 'மூலை டீச்சர்'. பட்டம் சூட்டியவர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வயதில் மூத்தவர், வாய் ஓயாதவர்.

"ரூமுக்கு நாலு மூலைதானே? உங்க ரூமுக்கு மட்டும் அஞ்சாவது எங்கேருந்து முளைச்சுது?"

"நடுவுல இருக்கு அக்கா."

"நடுவுல இருந்தா அது மூலையா? நீங்க நல்லா மேசைல சாஞ்சு உக்காந்துடுறீங்க, பிள்ளைங்க தானா படிக்குது. எனக்கும் ஒரு பச்சைத் துண்டு வாங்கிக் குடுங்களேன், வருஷம் பூரா போட்டுக்கிறேன்."

சிரித்துவிட்டு அதே மூச்சில் ஒரு புகாரும் சொல்வார்: "உங்ககிட்டேருந்து வர்ற பிள்ளைங்களை என்னால சமாளிக்க முடியல. ஒரு கணக்கைப் போட்டா இன்னொரு வழியிலயும் போடலாமான்னு கேக்குதுங்க. பேசாம உக்காருன்னா, ஏன்னு வேற கேக்குதுங்க." அதைப் புகார் என்று எடுத்துக்கொள்வதா பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், ஆசிரியை அதையும் தேதி போட்டுக் குறித்து வைத்தார்.

சாய்ந்து உட்காருவதாக அவர் சொன்னதுதான் கொஞ்சம் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அட்டை வெட்டுவதில் போகும். ஐந்து மூலைக்கும் புது வாரத்துக்குப் புது வேலை. போன வாரம் எந்தக் குழந்தை எந்த மூலையில் எதைச் செய்து எங்கே தடுக்கி நின்றது என்று முப்பத்தொரு சீட்டுகளையும் பார்த்த பிறகுதான் அதைத் தயாரிக்க முடியும். கத்திரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் காய்த்துவிட்டது. கணவர் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துபவர். நகைச்சுவையாகப் பேசுவதாக அவருக்கு ஓர் எண்ணம்.

"வீட்டுல இருந்த டப்பா, பொத்தான், பாய் எல்லாம் உன் ஸ்கூலுக்குப் போயாச்சு. இனி நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னை எந்த மூலைல வைக்கப் போற?"

"கேக்குற மூலைல. அங்கதான் யாரும் பேசக் கூடாது."

இந்த வருடத்து முப்பத்தொரு பேரில் ஒரு சிறுமி. ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து பள்ளிக்குள் குரலை வெளியே விட்டதில்லை. எது வேண்டுமானாலும் பக்கத்துக் குழந்தையின் காதில் வாயை வைத்துச் சொல்வாள். அந்தக் குழந்தை அதை ஊருக்கே அறிவிக்கும். பிள்ளைகள் அவளுக்கு 'ரகசியம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் நன்றாகப் பேசுகிறாள் என்றார் அவள் அம்மா. அண்ணனோடு சண்டை போட்டால் தெரு முழுக்கக் கேட்குமாம். ஆசிரியை வற்புறுத்தவில்லை. சீட்டில் மட்டும் எழுதி வந்தார்: உதடு அசைகிறது. எழுத்து தெரிகிறது. ஓசை இல்லை.

நவம்பர் எட்டு, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. மேசையில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் ரகசியம். மூன்று வரி எழுதிய அட்டையைக் கையில் பிடித்திருந்தாள். "மழை வந்தது. குடையைக் காணோம். அக்காவின் தலையில் முறம்." அவள் உதடு வழக்கம்போல அசைந்தது. பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கரகரத்த ஒரு சின்னக் குரல் வந்தது.

"மழை."

மற்ற நால்வரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஆசிரியை அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை; நேராகப் பார்த்தால் குரல் திரும்ப உள்ளே போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் வாசலில் நன்றாகப் பாலிஷ் போட்ட ஒரு ஜோடிப் பழுப்புச் செருப்புகள் வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் தலைமை ஆசிரியருடைய தேய்ந்த செருப்புகள். வந்திருப்பது யார் என்று பார்க்கத் தேவையில்லை. ஆய்வாளர் பள்ளிக்கு வருகிறார் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் மூன்று வருடத்தில் எந்த அதிகாரியும் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் வந்ததில்லை. ஆய்வு எப்போதும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும்.

ஆசிரியையின் முழங்கால் பாதி நிமிர்ந்தது.

"வந்... தது," என்றாள் ரகசியம்.

முழங்கால் மறுபடி மடங்கியது.

வாசலில் அன்றைய மணிக்காரி, முன்பல் ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியது மேசைக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்க டீச்சர் எங்கம்மா?"

"அதோ இருக்காங்க சார். பச்சைத் துண்டு போட்டிருக்காங்க."

"கூப்பிடு."

"இப்பக் கூப்பிடக் கூடாது சார். உங்களுக்கு ரத்தம் வருதா?"

"என்னது?"

"வாந்தி வருதா?"

ஆய்வாளர் தலைமை ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். தலைமை ஆசிரியர் கூரையைப் பார்த்தார்.

"எங்கயாவது நெருப்புப் பிடிச்சிருக்கா சார்?"

"இல்ல!"

"அப்ப இருங்க." சிறுமி கடிகாரத்துக் காகித வளையத்தில் விரல் வைத்து எண்ணினாள். "பதினாலு கோடு இருக்கு சார். பதினாலு நிமிஷம்தான். அப்புறம் மணியடிப்பேன்." பெரிய மனிதர் சும்மா நிற்கிறாரே என்று அவளுக்கே மனசு கேட்கவில்லை போலும். மிச்சம் இருந்த கிளிப் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. இப்ப எல்லா மூலையும் ரொம்பிடுச்சு. அடுத்த மணிக்கு உங்களுக்கு எந்த மூலை வேணும்னு யோசிச்சு வைங்க."

ஆய்வாளர் கிளிப்பை வாங்கிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் பதினான்கு நிமிடம் அதைக் கையில் வைத்தபடி நின்றார். அந்தப் பதினான்கு நிமிடத்தில் ரகசியம் மூன்று வரியையும் படித்தாள். முறம் வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். இன்னொரு அட்டை வேண்டும் என்று, யார் காதிலும் வாய் வைக்காமல், நேராகக் கேட்டாள்.

மணி அடித்தது. ஆசிரியை எழுந்து வந்து வணக்கம் சொன்னார்.

"நான் வந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டார். "அவங்களுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல் சார். கவனிச்சிருக்க மாட்டாங்க."

ஆசிரியை பேசாமல் நின்றார். அது ஒரு நிமிடம்கூட இருக்காது. தம்மைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை அத்தனை பேர் முன்னால் உடைக்க அவருக்கு நா எழவில்லை. அந்த மௌனம் தம்முடைய தவறு என்று மனுவின் ஏழாம் பத்தியில் அவரே எழுதியிருக்கிறார்.

ஆய்வு அறிக்கையின் நகல் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. "பதினான்கு நிமிடங்கள் இருபத்தாறு குழந்தைகள் பாடம் நடத்தப்படாமல் விளையாடிக்கொண்டிருந்தனர். ஆசிரியை கவனிக்கவில்லை. மாணவி ஒருத்தி ஆய்வு அலுவலருக்குத் துணிக் கிளிப் வழங்கி அவமதித்தாள்." ஆசிரியை அதை இரண்டு தடவை படித்தார். பதினான்கு என்ற அந்தத் துல்லியமான எண், பாடம் நடத்தப்படவில்லை என்று சொல்லப்படுகிற குழந்தை ஒருத்தி தன் விரலால் எண்ணிச் சொன்னது. அறிக்கையில் அது இல்லை.

தலைமை ஆசிரியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். பார்வைக் குறைவால கவனிக்கல, வருந்துறேன்னு. அத்தோட ஃபைலை மூடிடலாம். இருபத்துமூணாம் தேதிக்குள்ள குடுத்தீங்கன்னா கிளாஸ் உங்ககிட்டயே இருக்கும். பெஞ்சை மட்டும் வரிசையாப் போட்டுக்கணும். இல்லன்னா உங்களைக் கிடங்குக்கு மாத்திடுவேன்னு ஆய்வாளர் ஃபோன்ல சொல்லிட்டாரு."

வீட்டில் சொன்னபோது கணவர் ரொம்ப யோசிக்கவில்லை. "அவ்வளவுதானே? கண்ணுக்குப் பவர் ஏறியிருக்குன்னு ஒரு சீட்டுப் போட்டுத் தர்றேன். கடை முத்திரையோட. வலது ஒண்ணே முக்கால், இடது ரெண்டு. போதுமா?"

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அது எனக்கும் உனக்கும் தெரியும். அவருக்கா தெரியும்?"

"என் ஃபைல்ல ஒரு பொய்ச் சீட்டு நுழைஞ்சா அப்புறம் மத்த சீட்டையெல்லாம் யாரு நம்புவா? அந்தப் பிள்ளை படிச்சுதுன்னு எழுதி வச்சிருக்கேன். அதையும்தான் நம்ப மாட்டாங்க."

கணவர், வெட்டாமல் கிடந்த அட்டைகளை எடுத்து, ஆசிரியை போட்டிருந்த கோட்டின் மேல் கத்திரிக்கோலை ஓட்ட ஆரம்பித்தார். கோணலாகத்தான் வெட்டினார்.

பதினேழாம் தேதி ஆசிரியையைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஊரின் மறுகோடியில் ஒரு கூடம், அறுபது ஆசிரியர்கள், பாதிப் பேர் தூக்கத்தில். பயிற்சியின் தலைப்பு, தொடக்க வகுப்புகளில் கற்றல் மூலைகள். பயிற்சியாளர் கையில் இருந்தது அதே கைப்புத்தகம், முழுசாக. உணவு இடைவேளையில் அதைக் கேட்டு வாங்கி, மூன்று வருடமாகத் தாம் பார்த்திராத எட்டுப் பக்கங்களையும் புரட்டினார். தொடங்கும் முறை இருந்தது: வாரம் ஒரு மூலை. தாம் அழுது கற்றுக்கொண்டது அச்சில் இரண்டே வரியில் இருந்தது. பதினாறாம் பக்கத்தில் ஒரு சிறு கட்டம்: "வகுப்பறைக்குள் பெரியவர்கள் வரும்போது." வரவேற்கும் பொறுப்பை ஒரு குழந்தையிடம் கொடுங்கள், அக்குழந்தை வந்தவரை ஒவ்வொரு மூலைக்கும் அழைத்துச் சென்று காட்டட்டும், ஆசிரியர் தலையசைத்து வணங்கிவிட்டுத் தம் குழுவோடு தொடரலாம்.

அவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. பசை மூடிக்குக்கூடப் பாடம் எடுத்தவர், வாசலில் ஒரு பெரிய மனிதர் வந்து நின்றால் என்ன செய்வது என்று சொல்லித்தர மறந்துவிட்டார். வருவார்கள் என்று அவருக்கே தோன்றியதில்லை.

"என்ன மேடம், சந்தேகமா?" என்றார் பயிற்சியாளர்.

"இல்ல சார், தீர்ந்துடுச்சு. இந்தப் பக்கத்துல ஒரு நகல் எடுத்துக்கலாமா?"

அவர் நகல் எடுத்துக்கொண்டிருந்த அதே மதியத்தில்தான் சாக்குகள் கட்டப்பட்டன.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேர்வு அறையின் நீள பெஞ்சுகள் ஆறு வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அலுவலக உதவியாளர் பின்னாலேயே வந்தார்.

"ஹெச்.எம். சொன்னதைத்தான் செஞ்சேன் அம்மா. ஆர்டரைக் காட்டுங்க சார்னு கேட்டேன். சிரிச்சாங்க. எதுவும் உடையல, எண்ணித்தான் கட்டினேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார், பொருள்களின் எண்ணிக்கை இருந்தது. மூலைகள் கலைக்கப்பட்டது பற்றிப் பள்ளியிலிருந்து ஆசிரியைக்கு எழுத்தில் கிடைத்த ஒரே தாள் அதுதான். அவரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தார்.

குழந்தைகள் வந்து வாசலில் நின்றார்கள். எங்கே போவதென்று தெரியாமல் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சர், நம்ம ரூம் எங்க போச்சு?"

"இதுதான் நம்ம ரூம். வந்து பெஞ்சுல உக்காருங்க."

"எத்தனை பேரு உக்காரலாம்?"

பதினொரு மணிக்குள் பழைய கத்தல் திரும்பிவிட்டது. பன்னிரண்டுக்குத் தொண்டையில் ரம்பம் ஓடியது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாடம் சலித்தது. பின்வரிசைக்குப் போய்ச் சேரவே இல்லை. ரகசியத்தை எழுப்பிப் படிக்கச் சொன்னார். முப்பது தலைகள் திரும்பின. அவள் தரையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணின் காதில் வாயை வைத்தாள்.

"டீச்சர், இவ வீட்டுக்குப் போகணுமாம்," என்றது பக்கத்துப் பெண்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. மூன்று நாளும் சீட்டில் ஒரே குறிப்பு: ஓசை இல்லை.

இருபத்தொன்றாம் தேதி மாலை, தலைமை ஆசிரியரின் அறைக்குப் போய், மூலைகளை எடுக்கச் சொன்ன ஆணையின் நகல் வேண்டும் என்றார்.

"ஆர்டரெல்லாம் இல்லம்மா. ஃபோன்ல சொன்னாரு."

"அப்ப ஃபோன்ல சொன்னாருன்னு எழுதிக் குடுங்க சார்."

"நான் எழுதினா அது என் தலைல விடியும். எனக்கு இன்னும் பதினொரு மாசம்தான் இருக்கு. நல்லபடியாப் போய்ச் சேர விடுங்களேன். நான் கேக்குற ஒரு வரியைக் குடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. அந்தப் பிள்ளைங்களும் எப்படியாவது படிச்சுக்கும்."

"எப்படியாவது படிக்காது சார். மூணு நாளாப் பாக்குறேன்."

தலைமை ஆசிரியரும் கெட்டவர் இல்லை, களைத்தவர்தான். நாற்காலியை விட்டு எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

அன்றிரவு ஆசிரியை எழுதவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை. மறுநாள் மாலை, குழந்தைகள் போன பிறகு, ஆறு வரிசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மனுவை எழுதத் தொடங்கினார். மூன்று பிரதிகளும் அங்கேயே கிழிபட்டன. நான்காவதை இருபத்துமூன்றாம் தேதி விடிந்ததும் வீட்டில் எழுதி முடித்தார். பதினோரு பத்தி, இருபத்தெட்டு இணைப்பு.

காலை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியர் அதை வாங்கிப் படித்தார். அந்த ஒரு வரிதான் வந்திருக்கிறது என்று முதலில் முகம் மலர்ந்தது. பக்கங்களைப் பார்த்ததும் மலர்ச்சி போனது. ஆறாம் பத்தியில் நின்றுவிட்டார்.

"பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"ஆய்வாளர் வந்து நின்றதை நான் பார்த்தேன், தெரிந்தேதான் எழுந்திருக்கவில்லை... இதைப் படிச்சா உங்களை யாராலயும் காப்பாத்த முடியாது. அதோட, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஆகுது."

"ஏழாம் பத்தியையும் படிங்க சார்."

அவர் படித்தார். தலைமை ஆசிரியர் அன்று சொன்னது தம் மீது கொண்ட இரக்கத்தால் சொன்னது என்றும், அதை அப்போதே திருத்தாதது தம் பிழை என்றும், அதற்காக வேறு யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்றும் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வாங்கிக்கலன்னு சொன்னா?"

"பதிவுத் தபால்ல போடுவேன் சார். ஆனா உங்க கையில குடுக்கிறதுதான் மரியாதை."

"மரியாதை!" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். மை காய்ந்திருந்தது, வாயருகே கொண்டுபோய் இரண்டு தடவை ஊதி அழுத்தியபின் பாதிதான் விழுந்தது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "டைமையும் போடணும், இல்ல?"

"போட்டா நல்லது சார்."

பத்து இருபது என்று போட்டார். மனு அன்று மாலையே மேலே அனுப்பப்பட்டதாக அனுப்புகைப் பதிவேடு சொல்கிறது. அதன் பதினோராம் பத்தி பின்வருமாறு:

"ஆகவே, நான் எழுந்திருக்காததைக் குற்றம் என்று கருதினால் அதற்குரிய தண்டனையை எனக்கு அளிக்கலாம், மறுக்கமாட்டேன். ஆனால் ஐந்து மாதம் பேசாதிருந்த குழந்தை பேசத் தொடங்கிய அறையைக் கலைத்தது எந்த விதியின் கீழ், யாருடைய ஆணையின் பேரில் என்பது எனக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எந்த முறைக்காக என் மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளதோ, அதே முறையில் பதினேழாம் தேதி எனக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. சான்றிதழ் இணைப்பு இருபத்தாறு. இவ்விரண்டில் துறையின் நிலைப்பாடு எது என்பதையும் தெரிவிக்க வேண்டும். பதில் கிடைக்கும் வரை மூலைகளை இருந்த இடத்திலேயே திரும்ப அமைக்கவும், ஒன்றாம் வகுப்பில் நானே தொடரவும் அனுமதி கோருகிறேன். இது தொடர்பாக இதுவரை எனக்குச் சொல்லப்பட்டவை அனைத்தும் வாயால் சொல்லப்பட்டவை. இனித் தொலைபேசியிலோ நேரிலோ சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்க இயலாது. நவம்பர் முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, அலுவலக நேரம் முடிவதற்குள், கையொப்பமும் தேதியும் இட்ட எழுத்துமூலமான பதிலை எனக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."